டேட்டா பத்திரமாக இருக்கிறது, டிரைவரைக் கவனியுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே தேதிதான் கடைசி. அதன்பிறகு பழைய கணினியை மாற்றியவர்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர். மாற்றியவர்களில் பாதிப் பேருக்கு ஒரே புகார்தான்: 'பழைய டேட்டாவோடு புதுக் கணினி பேச மாட்டேன் என்கிறது.' வந்த கடிதங்களில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவற்றை எடுத்து இந்த முறை பதில் எழுதியிருக்கிறேன். திரையில் வருகிற பிழைச்செய்தியை முழுசாக எழுதி அனுப்பியவர்களுக்குத் தனியாக நன்றி. 'என்னவோ எரர் வருது' என்று மட்டும் எழுதியவர்கள் தயவுசெய்து அடுத்த தடவை செல்போனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அந்த ஒரு வரியில்தான் பாதிப் பதில் இருக்கிறது.

கேள்வி: அண்ணாச்சி, குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை எங்களுடையது. ஷீட்டு, ஒட்டுப்பால், யார் யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம் என்பது எல்லாமே விபி6 என்ற கணினி மொழியில் எழுதின ஒரு பழைய புரோகிராமில் இருக்கிறது. எழுதித் தந்தவர் கல்ஃபுக்குப் போய்விட்டார். புது கணினியில் விண்டோஸ் 11-ம் புது ஆபீஸும் போட்டு, பழைய ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தோம். திறந்தால் 'மைக்ரோசாஃப்ட் டாட் ஏசிஇ டாட் ஓஎல்இடிபி டாட் 12.0 புரோவைடர் இஸ் நாட் ரிஜிஸ்டர்டு ஆன் தி லோக்கல் மெஷின்' என்று வருகிறது. கடைப் பையன் ஃபார்மேட் செய்து மறுபடி போட்டால் சரியாகும் என்கிறான். போடலாமா?
(ரப்பர் வியாபாரி, குலசேகரம்)

பதில்: ஃபார்மேட் மட்டும் செய்துவிடாதீர்கள் தம்பி. செய்தாலும் அதே 64-பிட் ஆபீஸைத்தான் (32-பிட், 64-பிட் என்று புரோகிராம்களில் இரண்டு வகை உண்டு) மறுபடி போடப் போகிறீர்கள், அதே செய்திதான் வரும், நடுவில் எதையாவது இழப்பதுதான் மிச்சம்.

உங்கள் கணக்கு முழுக்க ஏசிசிடிபி என்று முடியும் ஒரே ஃபைலில் இருக்கிறது. முதல் வேலையாக அதை ஒரு பென்டிரைவிலும் வேறொரு இடத்திலும் காப்பி எடுத்து வையுங்கள். அப்புறம் புதுக் கணினியில் ஆக்சஸ் (டேட்டாவை அடுக்கி வைக்கும் மைக்ரோசாஃப்ட் புரோகிராம்) இருந்தால் அந்தக் காப்பியில் ஒன்றை நேரடியாகத் திறந்து பாருங்கள். அட்வான்ஸ் வாங்கினவர் பெயரும் தொகையும் வரிவரியாகத் தெரியும். தெரிந்துவிட்டால் ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

உங்கள் புரோகிராம் அந்த ஃபைலைத் தானாகப் படிக்காது. நடுவில் ஒரு தரகர் உண்டு, அவர்தான் டிரைவர், சில இடங்களில் புரோவைடர் என்றும் சொல்வார்கள். ஏசிஇ என்பது ஆக்சஸ் ஃபைல்களுக்கான தரகர். 'நாட் ரிஜிஸ்டர்டு' என்றால் உங்கள் புரோகிராம் தேடுகிற தரகர் இந்தக் கணினியில் இல்லை என்று பொருள். ஆனால் புது ஆபீஸ் வந்தபோதே அதோடு ஏசிஇ-யும் வந்திருக்குமே, அப்புறம் ஏன் இல்லை என்கிறது? இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். விபி6-ல் எழுதினது எதுவானாலும் அது 32-பிட் புரோகிராம், அதை 64-பிட்டாக மாற்ற வழியே கிடையாது. ஆபீஸோ 2019-லிருந்து, நீங்கள் தனியாகக் கேட்காவிட்டால், 64-பிட்டாகத்தான் இறங்கும். 32-பிட் புரோகிராம் ஒன்றால் 64-பிட் டிரைவரைத் தனக்குள் ஏற்றிக்கொள்ள முடியாது. ஆகவே டிரைவர் கணினியில் இருந்தும், உங்கள் புரோகிராமின் கண்ணுக்கு அது இல்லாததுபோலத்தான்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். எக்செல்லைத் திறந்து ஃபைல், அக்கவுண்ட், அபவுட் எக்செல் என்று போனால் மேல்வரியிலேயே 32-பிட்டா 64-பிட்டா என்று இருக்கும். புரோகிராமைப் பார்க்க டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போய், மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸில் பிளாட்ஃபார்ம் என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

சரி, தீர்வு. எனக்குப் பிடித்தது இதுதான்: 64-பிட் ஆபீஸை எடுத்துவிட்டு, அதே லைசென்ஸில் 32-பிட் ஆபீஸைப் போடுங்கள். உங்கள் அக்கவுண்ட் பக்கத்தில் இன்ஸ்டால் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வேறு விருப்பங்கள் என்று இருக்கும், அதற்குள் 32-பிட் உண்டு. கூடுதலாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஒரு ரப்பர் கடையின் எக்செல் வேலைக்கு 32-பிட் தாராளம். அது வந்ததும் அதனுடைய ஏசிஇ-யும் 32-பிட்டாக வரும், புரோகிராம் திறந்துகொள்ளும்.

இன்னொரு வழியையும் யாராவது சொல்வார்கள். ஆபீஸ் 64-பிட்டாகவே இருக்கட்டும், 32-பிட் ஆக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சினைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். சாதாரணமாக இரட்டை கிளிக் செய்தால் 'ஏற்கெனவே 64-பிட் ஆபீஸ் இருக்கிறது' என்று அது மறுத்துவிடும். கமாண்ட் பிராம்ப்டிலிருந்து 'கொயட்' என்ற சுவிட்சோடு ஓட்டினால் சத்தமில்லாமல் ஏறிவிடும், பலருக்கு அது ஓடவும் செய்கிறது. ஆனால் இரண்டு பிட்டையும் கலப்பதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. அடுத்த ஆபீஸ் அப்டேட்டில் இரண்டும் மோதிக்கொண்டால் கடை நடக்கும் நேரத்தில் நீங்கள்தான் நிற்க வேண்டும். மழை விட்டு பால் வெட்டு மும்முரமாக நடக்கும் வாரத்தில் அப்படி நிற்பது யாருக்கும் வேண்டாம்.

நிரந்தரமாகச் செய்ய நினைத்தால், ஒரு உள்ளூர் புரோகிராமரைப் பிடித்து இந்த டேட்டாவை ஒரு நல்ல டேட்டாபேஸ் சர்வருக்கு மாற்றி, புரோகிராமைப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். சோர்ஸ் கோடு உங்கள் கையில் இருக்கிறதா என்று கல்ஃபில் இருப்பவரிடம் வாட்ஸ்அப்பில் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். அதுவரைக்கும் பழைய கணினியை விற்கவோ அழிக்கவோ வேண்டாம்.

கேள்வி: நான் நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கணக்கு பார்க்கிறேன் சார். மாதக் கடைசியில் எக்செல்லில் ரிஃப்ரெஷ் கொடுத்தால் லேப் சாஃப்ட்வேரிலிருந்து பில் விவரம் எல்லாம் வந்துவிடும். முன்பு இருந்த அக்கா வேலையை விட்டுப் போய், நான் என் பெயரில் லாகின் செய்ததிலிருந்து 'டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட் அண்ட் நோ டிஃபால்ட் டிரைவர் ஸ்பெசிஃபைடு' என்று வருகிறது. அந்த அக்கா பெயரில் உள்ளே போனால் இப்போதும் வேலை செய்கிறது. டிரைவரைத் திரும்ப இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார்கள்.
(லேப் ஊழியர், நாகர்கோவில்)

பதில்: அந்த அக்காவின் லாகினில் வேலை செய்கிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும். டிரைவர் நன்றாக இருக்கிறது, இன்ஸ்டால் எதுவும் தேவையில்லை.

எக்செல் லேப் சர்வரோடு பேச டிஎஸ்என் என்ற ஒரு பெயர்ப்பதிவு வேண்டும். எந்த டிரைவர், எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ் என்பது அதற்குள் இருக்கும். அதில் யூசர் டிஎஸ்என், சிஸ்டம் டிஎஸ்என் என்று இரண்டு வகை உண்டு. யூசர் டிஎஸ்என் உருவாக்கினவருடைய லாகினுக்கு மட்டும்தான் தெரியும். சிஸ்டம் டிஎஸ்என் அந்தக் கணினியில் யார் உட்கார்ந்தாலும் தெரியும். முன்பு இருந்தவர் யூசர் பக்கத்தில் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் லாகினில் ஒருமுறை போய், ஸ்டார்ட் மெனுவில் ஓடிபிசி (புரோகிராம்கள் டேட்டாபேஸோடு பேசும் பொது முறை) என்று அடியுங்கள். 'ஓடிபிசி டேட்டா சோர்சஸ் 32-பிட்' என்று ஒன்றும் '64-பிட்' என்று ஒன்றும் வரும். உங்கள் எக்செல் எத்தனை பிட்டோ அதையே திறக்க வேண்டும். யூசர் டிஎஸ்என் பட்டியலில் லேபின் பெயரைத் தேர்ந்து கான்ஃபிகர் அழுத்தினால் ஒவ்வொரு பக்கமாக விவரம் வரும். ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு சிஸ்டம் டிஎஸ்என் பக்கத்தில் ஆட் கொடுத்து, அதே டிரைவர், அதே விவரம், முக்கியமாக அதே பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். பெயரின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டால்கூட 'நாட் ஃபவுண்ட்'தான். கடைசியில் டெஸ்ட் பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். பாஸ்வேர்டு பெரும்பாலும் இதற்குள் சேமிக்கப்படாது, அதை லேப் சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் முறையாகக் கேட்டு வாங்குங்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு, அதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 64-பிட் நிர்வாகக் கருவி விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 என்ற இடத்தில் இருக்கிறது. 32-பிட் கருவியோ எஸ்-ஒய்-எஸ்-டபிள்யூ-ஓ-டபிள்யூ-64 என்ற ஃபோல்டரில் இருக்கிறது. பெயரில் 64 இருப்பதைப் பார்த்து மாற்றித் திறந்து, அங்கே டிஎஸ்என் செய்துவிட்டு, 'செய்தேனே, இல்லை என்கிறதே' என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஏராளம். ஸ்டார்ட் மெனு வழியாகவே போங்கள், அங்கே பெயரிலேயே பிட் எழுதியிருக்கும்.

பிழைச்செய்தியின் முன்னால் அடைப்புக்குள் ஐந்து எழுத்தில் ஒரு குறியீடு வருமே, யாரும் அதைப் பார்ப்பதே இல்லை. எனக்கு அதுதான் முதலில் வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது ஐஎம்002, அதாவது நீங்கள் சொன்ன பெயரில் பதிவோ டிரைவரோ இல்லை. ஐஎம்014 என்று வந்திருந்தால் பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் 32-க்கும் 64-க்கும் பொருந்தவில்லை. 08001 என்றால் டிரைவர் வேலை செய்தது, சர்வர் வரைக்கும் போக முடியவில்லை, ஆகவே நெட்வொர்க்கைப் பார்க்க வேண்டும். 28000 என்றால் சர்வர் வரைக்கும் போய்க் கதவும் தட்டியாயிற்று, யூசர்நேமோ பாஸ்வேர்டோ சரியில்லை. 28000 வந்த பிறகும் டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, அரைநாள் வேலை வீணாகப் போகும்.

கேள்வி: தோவாளையில் பூ கமிஷன் கடை. பின்னறையில் இருக்கும் கணினிதான் சர்வர், முன்னால் இரண்டு கணினியில் பில் போடுகிறோம். இடி மழையில் கறண்டு போய் வந்தால் முன் கணினிகளில் 'எஸ்கியூஎல் சர்வர் டஸ் நாட் எக்ஸிஸ்ட் ஆர் ஆக்சஸ் டினைடு' என்று வரும். சில நாள் தானாகச் சரியாகிவிடும், சில நாள் ஆளைக் கூப்பிட வேண்டும். ஓணம் நேரத்தில் இப்படி வந்தால் என்ன செய்வது?
(கமிஷன் கடை, தோவாளை)

பதில்: தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு கறண்டு போகாமல் இருக்கும் என்று நம்பி சர்வர் வைக்க முடியாது. ஆகவே போய் வந்தாலும் தானாக எழுந்து நிற்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

கறண்டு வந்ததும் ரவுட்டர் எழுந்து, எந்தக் கணினிக்கு எந்த ஐபி முகவரி என்று புதிதாகப் பங்கு வைக்கிறது. நேற்று 192.168.1.5 ஆக இருந்த உங்கள் பின்னறைக் கணினி இன்று 192.168.1.8 ஆகியிருக்கும். முன் கணினிகளோ பழைய 5-ஐயே தேடிக்கொண்டிருக்கும். சில நாள் பழைய எண்ணே திரும்பக் கிடைக்கும், அந்த நாளில் 'தானாகச் சரியாகிவிட்டது' என்று நினைத்துக்கொள்வீர்கள். ரவுட்டர் அமைப்புக்குள் போய் சர்வர் கணினிக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லுங்கள், ரிசர்வேஷன் என்று இருக்கும். ஆளைக் கூப்பிட்டால் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

அது சரியாக இருந்தும் வந்தால், சர்வர் கணினியில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் புரோகிராம் ஓடுகிறதா என்று பாருங்கள். அது ஆட்டோமேட்டிக் என்று இருக்க வேண்டும். சின்னக் கடைகளில் பெரும்பாலும் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புதான் இருக்கும். அது எஸ்கியூஎல்எக்ஸ்பிரஸ் என்ற தனிப்பெயரில் ஓடும், ஒவ்வொரு முறை எழும்போதும் போர்ட் எண்ணை, அதாவது உள்ளே போகும் வாசலின் எண்ணை, மாற்றிக்கொள்ளவும் கூடும். அந்த எண்ணை முன் கணினிக்குச் சொல்கிற வேலை எஸ்கியூஎல் சர்வர் பிரவுசர் என்ற இன்னொரு சர்வீஸுடையது, அது யுடிபி 1434-ல் கேட்கும். அந்த சர்வீஸ் நின்றிருந்தாலோ ஃபயர்வால் அதை மறித்தாலோ சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே 'டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்றுதான் வரும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டிசிபி ஐபி-யை இயக்கி, போர்ட்டை 1433 என்று நிலையாகக் கொடுத்து, ஃபயர்வாலில் உங்கள் கடை நெட்வொர்க்குக்கு மட்டும் அதைத் திறந்துவிட்டால், முன் கணினிகளிலும் கமா போட்டு அந்த 1433-ஐச் சேர்த்து எழுதிவிட்டால் பிரவுசரின் தயவு தேவைப்படாது.

முன் கணினியில் பவர்ஷெல் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையில் சர்வரின் முகவரியையும் போர்ட் 1433-ஐயும் கொடுத்துப் பாருங்கள். கடைசி வரி ட்ரூ என்றால் வழி திறந்திருக்கிறது, ஃபால்ஸ் என்றால் அடைந்திருக்கிறது. ரவுட்டர் மாற்றின பிறகு விண்டோஸ் உங்கள் நெட்வொர்க்கை பப்ளிக் என்று எடுத்துக்கொண்டு ஃபயர்வாலை இறுக்கியிருக்கலாம், அதையும் பிரைவேட் என்று மாற்றுங்கள்.

சர்வருக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். கணினிக்கு மட்டும் யுபிஎஸ் வைத்து ரவுட்டரை நேரே சுவரில் சொருகி வைத்திருப்பதைத்தான் எங்கும் பார்க்கிறேன்.

கேள்வி: சார், நான் மார்த்தாண்டம் பக்கத்தில் இன்ஜினியரிங் படிக்கிறேன். புராஜெக்டுக்குப் புது ஓடிபிசி டிரைவர் 18 போட்டேன். பழைய லேப்டாப்பில் 17-ல் ஓடின அதே பைத்தான் புரோகிராம் இப்போது 'தி சர்டிஃபிகேட் செயின் வாஸ் இஷ்யூடு பை அன் அத்தாரிட்டி தட் இஸ் நாட் டிரஸ்டடு' என்கிறது. டிரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட் யெஸ் என்று போட்டால் ஓடுகிறது. அதோடு விட்டுவிடலாமா?
(மாணவர், மார்த்தாண்டம்)

பதில்: ஓடின பிறகும் கேட்கிறாயே தம்பி, அந்தக் கேள்விக்காகவே விரிவாகச் சொல்கிறேன்.

17 வரைக்கும் நீ கேட்டால்தான் இணைப்பை என்கிரிப்ட் செய்யும், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டும். 2022-ல் வந்த 18-லிருந்து நீ வேண்டாம் என்று சொல்லாவிட்டால் என்கிரிப்ட் செய்துவிடும். செய்யும்போது சர்வர் காட்டுகிற சான்றிதழை நம்பலாமா என்று சோதிக்கும். உன் லேப்டாப்பில் இருக்கும் எஸ்கியூஎல் சர்வர் தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்றிதழைத்தான் காட்டும், ஆகவே டிரைவர் மறுக்கிறது. டிரைவர் பழுதாகவில்லை, ஒழுங்காக வேலை செய்வதால்தான் இந்த எரர்.

நீ போட்ட அந்த வரி 'யார் சான்றிதழ் காட்டினாலும் நம்பு' என்கிறது. என்கிரிப்ஷன் இருக்கும், ஆனால் எதிர்முனையில் இருப்பது உண்மையிலேயே உன் சர்வர்தானா என்ற சோதனை போய்விடும். சர்வரும் புரோகிராமும் ஒரே லேப்டாப்பில் இருக்கும் புராஜெக்டுக்கு அது போதும். நாளைக்கு இதே கோடை எடுத்துக்கொண்டு போய் ஒரு மருத்துவமனைக்கோ பைனான்ஸ் கடைக்கோ, இன்டர்நெட் வழியாக இணைக்கிற மாதிரி போட்டுக் கொடுத்தால், நடுவில் ஒருவன் புகுந்து சர்வர் வேஷம் போடலாம். அங்கே முறையான சான்றிதழை சர்வரில் நிறுவி, அந்த வரியை நீக்கிவிடு. வேலைக்குப் போன இடத்தில் யாராவது 'அதை யெஸ் போடு, ஓடும்' என்றால், எந்த நெட்வொர்க்கில் என்று திருப்பிக் கேள்.

17, 18 இரண்டும் ஒரே கணினியில் பிரச்சினை இல்லாமல் இருக்கும். கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் டிரைவர் பெயரை எப்படி எழுதுகிறாயோ அதுதான் எடுத்துக்கொள்ளப்படும். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் மேலே லேப் ஊழியருக்கு வந்த ஐஎம்002 உனக்கும் வரும். பைத்தானில் கணினியில் உள்ள டிரைவர்களின் பட்டியலைக் கேட்கும் வசதி பைஓடிபிசி-யிலேயே இருக்கிறது, அதை ஓட்டிப் பெயரை அப்படியே எடுத்துப் போட்டுவிடு.

உன் நண்பனுக்கு மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் 'கேச்சிங் எஸ்எச்ஏ2 பாஸ்வேர்டு கேனாட் பி லோடட்' என்று வருவதாக எழுதியிருக்கிறாய். 8.0-லிருந்து பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறை மாறிவிட்டது, பழைய டிரைவருக்கு அது தெரியாது. சர்வரைப் பழைய முறைக்கு இறக்குங்கள் என்று யூடியூபில் சொல்வார்கள். 9.0-ல் அந்தப் பழைய முறையையே நீக்கிவிட்டார்கள், அதனால் டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்.

கேள்வி: குளச்சலில் ஐஸ் கம்பெனி. விடிவதற்கு முன்னே போட்டுக்காரர்கள் (படகுக்காரர்கள்) வந்து நிற்பார்கள். முதல் பில்லுக்கு மட்டும் 'மைஎஸ்கியூஎல் சர்வர் ஹேஸ் கான் அவே' என்று வருகிறது, சாஃப்ட்வேரை மூடித் திறந்தால் சரியாகிறது. திங்கள்கிழமை காலை தவறாமல் வரும். எங்கள் ஊர்ப் பையன் எழுதித் தந்த சாஃப்ட்வேர், அவன் ஆட்டோ ரீகனெக்ட் போட்டுவிடுகிறேன் என்கிறான். போடச் சொல்லட்டுமா?
(ஐஸ் கம்பெனி மேலாளர், குளச்சல்)

பதில்: போட வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணத்தையும் அந்தப் பையனுக்குக் காட்டுங்கள்.

மைஎஸ்கியூஎல் சர்வர், யாரும் பேசாமல் கிடக்கும் இணைப்பை 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம் கழித்துத் தானாக அறுத்துவிடும். வெயிட் டைம்அவுட் என்று அதற்குப் பெயர். நீங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசி பில் போட்டு, சாஃப்ட்வேரை மூடாமல் வீட்டுக்குப் போய், மூன்று மணிக்கு முதல் பில் போட்டால் 9 மணி நேரம் ஆகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊரில் திங்கள் காலை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சர்வர் எங்கும் போகவில்லை. உங்கள் சாஃப்ட்வேர் கையில் வைத்திருக்கும் பழைய இணைப்பு செத்துப்போனது அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டோ ரீகனெக்ட் ஏன் ஆபத்து என்றால், ஒரு பில் என்பது டேட்டாபேஸுக்குள் ஒரே வரி கிடையாது. படகின் பெயரும் தேதியும் ஒரு டேபிளில், எத்தனை பார் ஐஸ், என்ன விலை என்பது இன்னொரு டேபிளில், கடன் பாக்கி மூன்றாவதில். முதல் வரி எழுதி முடித்ததும் ஸ்விட்ச் கம்பி ஆடி இணைப்பு அறுந்தது என்று வைத்துக்கொள்வோம். சர்வர் எழுதிய பாதியை ரத்து செய்துவிடும், அது நல்லதுதான். ஆனால் டிரைவர் யாரிடமும் சொல்லாமல் புது இணைப்பு போட்டு, மீதி இரண்டு வரியையும் எழுதிவிடும். இப்போது கடன் பாக்கியில் தொகை ஏறியிருக்கும், பில் இருக்காது. அந்தப் போட்டுக்காரர் மாதக் கடைசியில் வந்து 'நான் வாங்கவே இல்லையே' என்றால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. மைஎஸ்கியூஎல்லே இந்த வசதியைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அந்தப் பையனிடம் சொல்ல வேண்டியது: ஒவ்வொரு பில்லுக்கும் பூலிலிருந்து (தயாராகத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) இணைப்பை எடுக்கும்போது அது உயிரோடு இருக்கிறதா என்று சோதித்து எடுக்கட்டும், பூலில் இணைப்பின் ஆயுளை 8 மணி நேரத்துக்குக் குறைவாக வைக்கட்டும், பில் முழுவதையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள், அதாவது ஏறினால் முழுதாக, இல்லையேல் ஒன்றுமே ஏறாதபடி, எழுதட்டும். நடுவில் அறுந்தால் பாதியிலிருந்து தொடராமல் அந்தப் பில்லை முதலிலிருந்து எழுதட்டும். வெயிட் டைம்அவுட்டை ஒரு நாளாகக் கூட்டிவிட்டால் காலை எரர் நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் கறண்டு போய் வரும்போது பழைய கதையேதான். இன்றைக்கு இரவு மட்டும் சாஃப்ட்வேரை மூடிவிட்டுப் போங்கள், நாளைக் காலை தொல்லை இருக்காது.

கேள்வி: தக்கலையில் எங்கள் தெரு நூலகத்தின் புத்தகப் பட்டியலை ஆக்சஸில் வைத்திருக்கிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். டேபிள்கள் இருக்கும் ஃபைல் இன்னொரு கணினியில், இசட் டிரைவில். கணினி மாற்றிய பின் 'இஸ் நாட் எ வேலிட் பாத்' என்கிறது.
(ஆசிரியர், தக்கலை)

பதில்: ஐயா, டிரைவரில் கோளாறு இல்லை, விலாசம் மாறிவிட்டது. இசட் என்பது அந்தப் பழைய கணினி தன் வசதிக்கு வைத்துக்கொண்ட பெயர், புதுக் கணினிக்கு அது தெரியாது. எக்ஸ்டெர்னல் டேட்டா பக்கத்தில் லிங்க்டு டேபிள் மேனேஜரைத் திறந்து, எல்லா டேபிளையும் தேர்ந்து, ரீலிங்க் கொடுத்து ஃபைலை மறுபடி காட்டுங்கள். காட்டும்போது இசட் வழியாகப் போகாமல், இரண்டு பின்சாய்கோடு போட்டுக் கணினியின் பெயர், ஷேர் செய்த ஃபோல்டரின் பெயர் என்று எழுதினால் அடுத்த கணினி மாற்றத்திலும் உடையாது.

அந்த ஃபோல்டரே திறக்கவில்லை என்றால் வேறு காரணம் இருக்கலாம். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து பாஸ்வேர்டு இல்லாத ஷேர்களுக்குள் விருந்தாளியாகப் போக விடமாட்டார்கள். அதற்காகப் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லி யாராவது ரெஜிஸ்ட்ரியைத் தொடச் சொன்னால் கேட்காதீர்கள். ஃபைல் இருக்கும் கணினியில் நூலகத்துக்கென்று ஒரு யூசரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, அதைக் கொடுத்து உள்ளே போங்கள்.

கேள்வி: எல்லா டிரைவரையும் தானாக அப்டேட் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றை 1,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கினால் இந்த ஓடிபிசி எரர் போகுமா?
(திங்கள்நகர் வாசகர்)

பதில்: போகாது, வாங்காதீர்கள். அவை பிரிண்டர், சவுண்டு கார்டு போன்ற கருவிகளின் டிரைவரைத் தேடுபவை. டேட்டாபேஸ் டிரைவர் வேறு சாதி, அதை அந்தந்த டேட்டாபேஸைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எந்த டேட்டாபேஸ், அடைப்புக்குள் வந்த ஐந்து எழுத்து என்ன, உங்கள் புரோகிராம் எத்தனை பிட் என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.